தொலைக்காட்சிப் பண்பேற்றியும் ஒருங்கிணைந்த மின்சுற்றும்

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் தொடங்கியது. பதின்மூன்று ஆண்டுகள் அது அந்த ஒரு நகரத்தைத் தாண்டவில்லை. 1972இல் பம்பாயும், 1973இல் ஸ்ரீநகரும் அமிர்தசரசும், 1975இல் கல்கத்தா, சென்னை, லக்னோ ஆகிய நகரங்களும் நிலையங்களைப் பெற்றன. அந்நாட்களில் விற்பனையான கறுப்பு வெள்ளைப் பெட்டிகளின் பின்புறத்தில் பொதுவாக இரண்டே இணைப்புகள் இருந்தன. ஒன்று மின்சாரத்துக்கு, மற்றொன்று ஆன்டெனாவுக்கு. படமும் ஒலியும் உள்ளே செல்ல ஆன்டெனாத் துளையைத் தவிர வேறு வழி கிடையாது. பெட்டியை வடிவமைத்தவர்கள் வானலையில் வரும் நிலைய நிகழ்ச்சி ஒன்றையே மனத்தில் கொண்டிருந்தார்கள். அதைக் குறை கூற இடமில்லை.

ஆனால் பத்தாண்டுகளுக்குள் நிலைமை மாறிவிட்டது. வீடியோ காசெட் கருவி வந்தது. தொலைக்காட்சி விளையாட்டுக் கருவி வந்தது. வீட்டுக் கணிப்பொறி வந்தது. செயற்கைக்கோள் ஏற்பி வந்தது. கேபிள் தொலைக்காட்சியும் வந்தது. இவை ஒவ்வொன்றும் படத்தையும் ஒலியையும் தாமே உண்டாக்கித் தருபவை. அவற்றைத் திரையில் காண ஒரு குடும்பம் புதிய பெட்டி வாங்க வேண்டுமா, இருக்கும் பெட்டியே போதுமா என்பது சாதாரணக் கேள்வி அல்ல. பல மாதச் சேமிப்பைக் கொண்டு வாங்கிய பெட்டி அது. பழைய பெட்டியே போதும் என்ற விடையைச் சாத்தியமாக்கியது பண்பேற்றி என்னும் சிறு சாதனம். கடைவீதியில் அதற்கு மாடுலேட்டர் என்று பெயர். தீப்பெட்டியை விடச் சற்றே பெரிய தகரக் கூட்டுக்குள் அடங்கும் அதன் உயிர்நிலை, நகத்தளவு கூட இல்லாத ஓர் ஒருங்கிணைந்த மின்சுற்று.

பெட்டியைத் திறப்பதிலுள்ள ஆபத்து

படச் சைகை கையில் இருக்கும்போது, பெட்டியைத் திறந்து உரிய இடத்தில் ஒரு கம்பியைப் பற்றவைத்து நேரடியாகச் செலுத்தினால் என்ன என்று கேட்கத் தோன்றும். பொறியியல் மாணவர்கள் பலர் அவ்வாறு முயன்றதும் உண்டு. அது உயிருக்கு ஆபத்தான முயற்சி. அக்காலப் பெட்டிகளில் பல, விலையைக் குறைக்கும் பொருட்டு, மின்மாற்றி இல்லாமலேயே வீட்டு மின்சாரத்தில் நேரடியாக இயங்குமாறு அமைக்கப்பட்டிருந்தன. உள்ளே இருக்கும் உலோக அடித்தளம் மின்இணைப்பின் ஒரு முனையோடு சேர்ந்திருக்கும். செருகியைத் திருப்பிச் செருகிவிட்டால் அந்த அடித்தளம் முழுவதும் 230 வோல்ட் அழுத்தத்துக்கு வந்துவிடும். அதனோடு ஒரு வீடியோ கருவியின் கம்பியை இணைத்தால் கருவியும், அதைத் தொடுபவரும் அந்த அழுத்தத்துக்கு ஆளாக வேண்டியதுதான்.

ஆன்டெனாத் துளை மட்டும் இதற்கு விலக்கு. அங்கே சிறு மின்தேக்கிகள் காவலாக நிற்கின்றன. மாணவர்கள் இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 470 பிக்கோஃபாரட் மின்தேக்கி ஒன்று, வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஏறக்குறைய 68 இலட்சம் ஓம் மறுப்பைக் காட்டும். அதே மின்தேக்கி 50 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் 7 ஓம் மறுப்பைத்தான் காட்டும். மின்சாரத்துக்குச் சுவராகவும் வானலைக்குத் திறந்த கதவாகவும் ஒரே உறுப்பு பணியாற்றுகிறது. எனவே புதிய கருவியின் படத்தை வானலையின் வடிவத்துக்கு மாற்றி ஆன்டெனா வழியாக அனுப்புவதே பாதுகாப்பான வழியாயிற்று. பண்பேற்றி சௌகரியத்துக்காக மட்டும் வந்ததன்று என்பதை இதிலிருந்து உணரலாம்.

அலைக்குள் அடங்க வேண்டியவை

இந்தியா பின்பற்றிய முறையில் ஒரு படம் 625 கோடுகளால் ஆனது. நொடிக்கு 25 படங்கள். இவற்றை விவரிக்கும் மின்சைகை 5 மெகாஹெர்ட்ஸ் வரை பரந்து கிடக்கிறது. இந்தச் சைகையை ஓர் ஊர்தி அலையின் வீச்சில் ஏற்ற வேண்டும். ஒலியை, படத்தின் ஊர்தி அலையிலிருந்து சரியாக 5.5 மெகாஹெர்ட்ஸ் மேலே உள்ள மற்றோர் அலையில், அதன் அதிர்வெண் 50 கிலோஹெர்ட்ஸ் வரை முன்னும் பின்னும் அசையுமாறு ஏற்ற வேண்டும். படத்துக்கு வீச்சுப் பண்பேற்றம், ஒலிக்கு அதிர்வெண் பண்பேற்றம் என்று இருவகையும் ஒரே வேளையில் நிகழ வேண்டும். இரண்டும் சேர்ந்து 7 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையில் அடங்க வேண்டும். எடுத்துக்காட்டாக 2ஆம் அலைவரிசை 47 முதல் 54 மெகாஹெர்ட்ஸ் வரையிலானது. அதில் படத்தின் ஊர்தி அலை 48.25, ஒலியின் ஊர்தி அலை 53.75. அடுத்ததான 3ஆம் அலைவரிசையில் இவை 55.25, 60.75 ஆகும். 4ஆம் அலைவரிசையில் 62.25, 67.75.

ஒளிபரப்பு நிலையத்தில் இவ்வேலையைச் செய்ய அலமாரி அலமாரியாகக் கருவிகள் உண்டு. 1983 ஆகஸ்டு 30 அன்று செலுத்தப்பட்ட இன்சாட்-1பி செயற்கைக்கோளிலிருந்து நிகழ்ச்சிகளைப் பெற்று, சிறு நகரங்களில் மறு ஒளிபரப்புச் செய்வதற்காக 1984ஆம் ஆண்டில் குறைந்த சக்தி அஞ்சல் நிலையங்கள் விரைந்து நிறுவப்பட்டன. அவற்றின் வெளியீடு 100 வாட் அளவினது. அந்த நிலையங்களிலும் முதல் வேலை பண்பேற்றம்தான். அதன் பிறகே சக்திப் பெருக்கம். ஆக, நூறு வாட் நிலையமும் வீட்டுப் பண்பேற்றியும் செய்யும் வேலை அடிப்படையில் ஒன்றே. ஒன்று ஊருக்கு ஒளிபரப்புகிறது. மற்றொன்று ஒரு முழக் கம்பியின் மறுமுனைக்கு ஒளிபரப்புகிறது. வீட்டுப் பண்பேற்றியின் வெளியீடு ஓரிரு மில்லிவோல்ட்டுக்கு மேல் தேவையில்லை.

சில்லின் உள்ளே

1972இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் வீட்டுத் தொலைக்காட்சி விளையாட்டுக் கருவி, ரால்ஃப் பேயர் என்னும் பொறியாளரின் படைப்பு. அதில் ஒருங்கிணைந்த சுற்று எதுவும் இல்லை. தனித்தனி டிரான்சிஸ்டர்களும் டையோடுகளும் கொண்டே, படத்தை உண்டாக்குவது முதல் பண்பேற்றம் வரை அனைத்தும் நடந்தன. இயங்கியது என்னவோ உண்மை. ஆனால் தனித்தனி உறுப்புகளால் ஆன பண்பேற்றியில் ஒரு குறை உண்டு. இரு டிரான்சிஸ்டர்கள் முற்றிலும் ஒத்திருந்தால்தான் பண்பேற்றம் தூய்மையாக அமையும். சந்தையில் வாங்கும் இரண்டு டிரான்சிஸ்டர்கள் அப்படி ஒத்திருப்பதில்லை. ஒன்று சூடேறினால் மற்றது அதே அளவு சூடேறுவதும் இல்லை. ஒரே சிலிக்கான் துண்டில், ஒரே வேளையில், அருகருகே வார்க்கப்பட்ட டிரான்சிஸ்டர்களோ இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. வெப்பம் ஏறினால் இரண்டுக்கும் ஒன்றாக ஏறும். இயல்பு மாறினால் இரண்டுக்கும் ஒன்றாக மாறும். ஒருங்கிணைந்த சுற்று என்றதும் சிறுமையும் மலிவும்தான் பலர் நினைவுக்கு வருகின்றன. பண்பேற்றத்தைப் பொறுத்தவரை இந்த ஒத்திசைவே அதன் முதல் நன்மை.

அதன் செயல்முறை அழகானது. இரண்டு டிரான்சிஸ்டர்களின் உமிழ்முனைகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, அவற்றின் கீழே மூன்றாவது டிரான்சிஸ்டர் ஒன்று மின்னோட்டத்தை வழங்குகிறது. மேலே உள்ள இணையை ஊர்தி அலை இயக்குகிறது. நொடிக்கு ஐந்தரைக் கோடி முறை மின்னோட்டத்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் மாற்றி மாற்றித் திருப்புகிறது. கீழிருந்து வரும் மின்னோட்டத்தின் அளவைப் படச்சைகை நிர்ணயிக்கிறது. மதகைத் திறந்து மூடுபவர் ஒருவர், வாய்க்காலில் வரும் நீரின் அளவைக் கட்டுப்படுத்துபவர் மற்றொருவர் என்று எண்ணிக்கொண்டால் விளங்கும். வெளியீட்டில் கிடைப்பது இரண்டின் பெருக்கற்பலன்: ஊர்தி அலையின் விரைவும், படச்சைகையின் வடிவும் கொண்ட அலை. இத்தகைய இணைகளைக் குறுக்காகப் பின்னி, வேண்டாத கூறுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளுமாறு அமைத்த பெருக்கிச் சுற்று, 1968இல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்ட பாரி கில்பர்ட்டின் பெயரால் இன்றும் வழங்குகிறது.

ஒலிக்கு வேறு ஏற்பாடு. சில்லில் உள்ள இன்னோர் அலையியற்றி 5.5 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. பேச்சோ இசையோ அதன் அதிர்வெண்ணை மெல்ல அசைக்கிறது. அவ்வாறு அசையும் அலையைப் படச்சைகையோடு சேர்த்து அதே பெருக்கியில் செலுத்திவிட்டால், ஒலியின் ஊர்தி அலை தானாகவே படத்தின் ஊர்தி அலைக்கு 5.5 மெகாஹெர்ட்ஸ் மேலே போய் அமர்ந்துகொள்ளும். இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. படத்தின் ஊர்தி அலை சற்று நகர்ந்தாலும் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மாறுவதில்லை. பெட்டிக்குள் ஒலியைப் பிரிக்கும் பகுதி இந்தத் தூரத்தை மட்டுமே பார்க்கிறது. ஆகவே பண்பேற்றி சிறிது பிசகினாலும் ஒலி கெடாது. டியூனரைச் சற்றுத் திருப்பிக்கொண்டால் போதும்.

வேறொரு விதத்தில் ஒலி கெடுவதுண்டு. இம்முறையில் படத்தின் கோட்டுத் துடிப்பு வரும்போது ஊர்தி அலை முழு வீச்சில் இருக்கும். கறுப்புக்கு அது நூற்றுக்கு எழுபத்தைந்து. வெளிச்சம் கூடக்கூட வீச்சு குறைந்து, முழு வெண்மையில் நூற்றுக்குப் பத்து அளவில் நிற்கும். அந்தப் பத்துப் பங்கை ஏன் விட்டுவைத்தார்கள்? பெட்டிக்குள் ஒலியை மீட்பதற்குப் படத்தின் ஊர்தி அலையும் வேண்டும். வெண்மையில் அது முற்றிலும் மறைந்துபோனால் அந்தக் கணத்தில் ஒலியும் அறுபடும். வீடியோ கருவியின் சைகை உரிய 1 வோல்ட்டைவிட மிகுந்துவிட்டால் இதுவே நேர்கிறது: திரையில் வெள்ளை எழுத்துகள் தோன்றும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் கரகரப்பு எழும். பழுதுபார்ப்பவர் பலர் ஒலிப்பகுதியைச் சந்தேகித்து அதைக் கழற்றுவார்கள். குற்றம் படச்சைகையின் அளவில் இருக்கும்.

வண்ணம் வந்தபின் இன்னொரு சோதனையும் சேர்ந்தது. பால் முறையில் வண்ணத் தகவலைத் தாங்கும் துணை அலை 4.43 மெகாஹெர்ட்ஸில் உள்ளது. ஒலிக்கான 5.5க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு 1.07 மெகாஹெர்ட்ஸ். பெருக்கி நேர்கோட்டுத் தன்மையிலிருந்து வழுவினால் இவ்விரண்டும் கலந்து, 1.07 மெகாஹெர்ட்ஸில் புதியதோர் அலையைப் பெற்றெடுக்கும். அது திரையில் ஓடும் நுண்வரிகளாகத் தெரியும். அடர்ந்த வண்ணமுள்ள காட்சிகளில் மிகுந்து தெரியும். மலிவான பண்பேற்றியையும் நல்ல பண்பேற்றியையும் கண்ணால் பார்த்தே பிரித்தறிய இது ஒரு வழி.

இப்பணிகளுக்கென்றே அமெரிக்க நிறுவனங்கள் உருவாக்கிய சில்லுகளில் இரண்டு, மின்னணுவியல் பயிலும் மாணவர்களிடையே பரவலாக அறிமுகமானவை. நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் எல்எம் 1889, 18 கால்கள் கொண்டது. ஒலி அலையியற்றி, வண்ணத் துணை அலையியற்றி, வண்ணப் பண்பேற்றிகள், இரண்டு அலைவரிசைகளுக்கான உயர் அதிர்வெண் அலையியற்றிகள் ஆகிய எல்லாவற்றையும் அது ஒன்றாக அடக்கியது. மோட்டரோலாவின் எம்சி 1374, 14 கால்கள் கொண்டது. வண்ணச் சைகை ஏற்கெனவே ஆயத்தமாக உள்ள கருவிகளுக்கு ஏற்றது. 5 முதல் 12 வோல்ட் வரையிலான ஒரே மின்வழங்கலில் இயங்கக்கூடியது. கையடக்கமான விலைக்குள் வீட்டுக் கருவிகளைக் கொண்டுவந்ததில் இத்தகைய சில்லுகளின் பங்கு பெரிது.

ஆயினும் சில்லுக்குள் எல்லாம் அடங்கிவிடவில்லை. கம்பிச்சுருள் வெளியே நின்றது. அலையியற்றியின் அதிர்வெண்ணை நிர்ணயிப்பது அந்தச் சில சுற்றுக் கம்பிதான். சுருளின் நடுவே உள்ள ஃபெரைட் திருகை அரைச் சுற்றுத் திருப்பினாலே அலைவரிசை இடம் மாறும். உலோகத் திருப்புளியை அருகே கொண்டு சென்றால் அதுவே சுருளின் தன்மையை மாற்றிவிடும் என்பதால் பிளாஸ்டிக் திருப்புளி கொண்டே இதைச் செய்ய வேண்டும். மூடியைத் திறந்து வைத்துச் சரிசெய்த பண்பேற்றி, தகர மூடியைப் போட்டதும் பிசகிவிடுவது பயிலுநர் எவரும் அறிந்த அனுபவம்.

படம் வந்தது, ஒலி வரவில்லை

1982இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி அறிமுகமாயிற்று. அந்தக் காலப்பகுதியில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கருவிகளும் பெருகின. கொண்டுவந்தவர்களில் பலரை ஏமாற்றமடையச் செய்தது பண்பேற்றியே. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் படத்துக்கும் ஒலிக்கும் உள்ள இடைவெளி 4.5 மெகாஹெர்ட்ஸ், பிரிட்டனில் 6, இந்தியாவில் 5.5. பிரிட்டனுக்காகச் செய்யப்பட்ட கருவியை இங்குள்ள பெட்டியோடு இணைத்தால் படம் வரும், ஒலி வராது. கருவி பழுது என்று அதைத் திருப்பி அனுப்புவது வீண். ஒலி அலையியற்றியின் சுருளைத் திருகி 5.5க்குக் கொண்டுவருவதே தீர்வு.

அலைவரிசையிலும் இதே சிக்கல் எழுந்தது. பிரிட்டிஷ் கருவிகள் மீயுயர் அதிர்வெண்ணில், பெரும்பாலும் 36ஆம் அலைவரிசையை ஒட்டி, வெளியீடு தந்தன. இந்தியாவின் தொடக்ககால நிலையங்கள் மிகை அதிர்வெண் எனப்படும் கீழ்ப்பட்டையில் இயங்கியதால், அப்பட்டையை மட்டும் ஏற்கும் டியூனர்களோடு பெட்டிகள் வெளிவந்தன. அத்தகைய பெட்டியில் 36ஆம் அலைவரிசையைத் தேடிப் பயனில்லை. 1984இல் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைத் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிபிசி மைக்ரோ கணிப்பொறியின் பின்புறத்தில் இதனால்தான் போலும் பல வழிகள் இருந்தன: மீயுயர் அதிர்வெண் வெளியீடு ஒன்று, நேரடிப் படச்சைகை ஒன்று, மூவண்ணச் சைகை ஒன்று. பள்ளிக்கு எந்தத் திரை கிடைக்கிறதோ அதற்குரிய வழியைக் கையாளலாம். கருவி கொள்முதல் செய்யும் அலுவலர்கள் விலைப்புள்ளி கோரும்போது ஒலி இடைவெளியையும் அலைவரிசைப் பட்டையையும் எழுத்தில் குறிப்பிட்டிருந்தால், எத்தனையோ பெட்டிகள் அலமாரியில் உறங்காமல் இருந்திருக்கும்.

அண்டை வீட்டின் உரிமை

பண்பேற்றி ஒரு சிறு ஒளிபரப்பி என்பதை அடிக்கடி நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. அதன் வெளியீட்டைக் கம்பியோடு நிறுத்தாமல், கூரைமேல் உள்ள ஆன்டெனாவோடு சேர்த்து முடிந்துவிட்டால், ஏற்க வேண்டிய ஆன்டெனாவே பரப்பவும் தொடங்கிவிடும். ஒரு வீட்டில் ஓடும் காசெட் அடுத்த வீட்டுத் திரையில் தெரிவது வேடிக்கையாகத் தோன்றலாம். அடுத்த வீட்டார் பார்க்க விரும்பியது நிலையத்தின் செய்தியாக இருக்கும்பட்சத்தில் அது வேடிக்கை அன்று. இதைத் தடுக்க ஆன்டெனாவையும் கருவியையும் முற்றாகப் பிரிக்கும் மாற்று விசை வேண்டும். வெளியீட்டின் அளவுக்கும் வரம்பு வேண்டும். அமெரிக்காவில் 75 ஓம் இணைப்புக்கு 3 மில்லிவோல்ட் என்று விதி வகுத்திருக்கிறார்கள். படம் தெளிவாக இல்லை என்று சொல்லிப் பெருக்கி சேர்ப்பவர்கள், இந்த வரம்பு பெட்டியின் தேவைக்கு மேலேயே உள்ளது என்பதை அறிய வேண்டும்.

இதைவிட ஆழமான குறை பக்கப்பட்டை பற்றியது. பெருக்கி ஊர்தி அலையின் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் ஒரே மாதிரியான பட்டைகளை உண்டாக்குகிறது. ஒளிபரப்பு நிலையத்தில் கீழ்ப்பட்டையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கி, 0.75 மெகாஹெர்ட்ஸ் அளவு எச்சத்தை மட்டும் விடுகிறார்கள். வீட்டுப் பண்பேற்றி அப்படி எதையும் வெட்டுவதில்லை. 4ஆம் அலைவரிசையில் இயங்கும் பண்பேற்றியின் ஒலி, 62.25க்கு 5.5 மேலே 67.75இல் இருப்பதோடு, 5.5 கீழே 56.75 மெகாஹெர்ட்ஸிலும் ஒரு நிழலைப் பதிக்கும். அது 3ஆம் அலைவரிசையின் படத்துக்கு நடுவே விழும். ஒரு வீட்டில் ஒரு கருவி என்ற அளவில் இதனால் தீங்கில்லை. அந்தப் பெட்டி வேறெதையும் அப்போது பார்ப்பதில்லை. பல அலைவரிசைகளை ஒரே கம்பியில் அடுக்கி அனுப்பும் கேபிள் நிலையத்திலோ இது பெருங்கேடு.

நம் நாட்டில் கேபிள் தொலைக்காட்சி 1980களின் நடுவில், ஒரு காசெட் கருவியும் ஒரு பண்பேற்றியும் கொண்டு, குடியிருப்புகளுக்குள் தொடங்கியது. 1991க்குப் பின் செயற்கைக்கோள் நிகழ்ச்சிகள் பெருகவே, ஒரு கம்பியில் பத்து, இருபது என்று அலைவரிசைகள் ஏறின. காசெட் கருவிக்கென்று செய்யப்பட்ட மலிவான பண்பேற்றிகளையே வரிசையாக அடுக்கிச் சமாளித்த இடங்களில், ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழுந்து, எந்தப் படமும் தெளிவாக இல்லை. முறையான பண்பேற்றி வேறு வழியில் செல்கிறது. முதலில் 38.9 மெகாஹெர்ட்ஸ் என்ற இடைநிலை அதிர்வெண்ணில் பண்பேற்றம் செய்து, மேற்பரப்பு ஒலியலை வடிகட்டி என்னும் உறுப்பால் பட்டைகளைக் கூர்மையாகச் செதுக்கி, அதன் பின்னரே விரும்பிய அலைவரிசைக்கு உயர்த்துகிறது. விலை கூடுதல்தான். ஆனால் அந்தச் செலவைத் தவிர்த்தவர் தம் செலவைச் சந்தாதாரர்கள் அனைவர் தலையிலும் மங்கலான படமாகச் சுமத்தினார் என்பதே உண்மை.

படத் தெளிவோடு நின்றுவிடும் விஷயமும் அல்ல இது. கேபிளில் இடம் போதாமல், வானலை ஒளிபரப்பில் தொலைக்காட்சிக்கு ஒதுக்கப்படாத இடைப்பட்டையையும் பயன்படுத்தினார்கள். அதில் எஸ்-3 என்னும் அலைவரிசையின் பட ஊர்தி அலை 119.25 மெகாஹெர்ட்ஸ். விமானிகளும் விமான நிலையக் கட்டுப்பாட்டு அறையும் பேசிக்கொள்வது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில். கம்பியின் உறை கிழிந்து, இணைப்பு தளர்ந்து, பெருக்கியின் மூடி திறந்து கிடந்தால், கம்பிக்குள் இருக்க வேண்டிய அலை வெளியே கசியும். பேரிடரில் உதவி கோரும் 121.5 மெகாஹெர்ட்ஸும் அதே பட்டையில்தான் உள்ளது. 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிக் கட்டமைப்பு ஒழுங்குமுறைச் சட்டம், தரக்குறியீட்டுக்கு உட்பட்ட கருவிகளையே பயன்படுத்த வேண்டும் என்றும், அங்கீகாரம் பெற்ற தொலைத்தொடர்பு அமைப்புகளின் பணியில் குறுக்கிடக் கூடாது என்றும் தனித்தனிப் பிரிவுகளில் விதித்ததன் காரணம் இதனால் விளங்கும். மாவட்ட அளவில் அச்சட்டத்தைச் செயற்படுத்திய அலுவலர்களின் கவனம் எந்த நிகழ்ச்சி ஒளிபரப்பாகிறது என்பதிலேயே பெரிதும் தங்கிவிட்டது. மின்கம்பத்தில் தொங்கும் இணைப்பின் தளர்ச்சியும் அதே சட்டத்தின் எல்லைக்குள் வருவதுதான்.

படிகத்தின் வருகை

சுருளை நம்பிய அலையியற்றி வெப்பத்தில் நகர்ந்தது. காலையில் சரிசெய்தது நண்பகலில் பிசகும். இதற்கு முடிவு கட்டியது கட்டப் பூட்டுச் சுற்று. நகராத தன்மையுள்ள ஒரு குவார்ட்ஸ் படிகத்தை, பெரும்பாலும் 4 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை, அளவுகோலாக வைத்துக்கொண்டு, தன் அலையியற்றியின் அதிர்வெண்ணை வகுத்து அதனோடு இடைவிடாமல் ஒப்பிட்டு, பிசகு கண்டவுடன் திருத்திக்கொள்வது இதன் வழி. ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் டிடிஏ 8722 போன்ற பிந்தைய சில்லுகளில் பண்பேற்றியும் இந்தப் பூட்டும் ஒன்றாகவே அமைந்தன. எந்த அலைவரிசை வேண்டும் என்பதை நுண்செயலி இரண்டு கம்பிகள் வழியே எண்ணாகத் தெரிவித்தால் போதும். திருப்புளிக்கு வேலை இல்லாமற் போயிற்று. அயல்நாட்டுக் கருவி உள்நாட்டுப் பெட்டியோடு பொருந்தாத பழைய தொல்லையும் இதனால் பெருமளவு நீங்கியது. ஒரே கருவியை எந்த நாட்டின் இடைவெளிக்கும் எண்ணால் மாற்றிக்கொள்ள முடிந்தது.

இன்றைய நிலையில் வானலை வழி அனலாக் தொலைக்காட்சி ஏறக்குறைய முடிந்துபோன அத்தியாயம். எல்லைப்புறம் போன்ற முக்கிய இடங்களில் உள்ள ஏறத்தாழ ஐம்பது நிலையங்கள் நீங்கலாக, ஏனைய அனலாக் நிலையங்களை 2022 மார்ச்சு 31க்குள் மூடிவிடுவதாகப் பிரசார் பாரதி அறிவித்தது. கேபிளிலும் 2011இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தை அடுத்து, 2012 முதல் கட்டம் கட்டமாக டிஜிட்டல் முறை கட்டாயமாக்கப்பட்டது. கேபிள் நிலையத்தில் இப்போதும் பண்பேற்றி உண்டு. அது ஏற்றுவது எண்களை. ஒரு படம் இருந்த அகலத்தில் இப்போது பத்துக்கும் மேற்பட்ட படங்கள் செல்கின்றன.

பழைய பெட்டிகள் மட்டும் அனைத்தும் மறைந்துவிடவில்லை. கட்டணமில்லா தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ் ஏற்பியை வாங்கிவந்து, ஆன்டெனாத் துளை ஒன்றே உள்ள சிறு கறுப்பு வெள்ளைப் பெட்டியோடு அதைச் சேர்க்க விரும்பும் குடும்பத்துக்கு, மஞ்சள் நிறப் படக்கம்பியும் வெள்ளை நிற ஒலிக்கம்பியும் செருகும் இடம் அதில் இல்லை. அவர்களுக்குத் தேவைப்படுவது அந்தப் பழைய தகரக் கூடுதான். வாங்கும்போது கடையிலேயே இணைத்துப் பார்த்து, அந்தப் பெட்டியின் டியூனர் ஏற்கும் பட்டையில் அது இயங்குகிறதா, ஒலி இடைவெளி 5.5 மெகாஹெர்ட்ஸ்தானா, வெள்ளை எழுத்து தோன்றும்போது ஒலி கரகரக்கிறதா என்ற மூன்றையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.